தெரிந்த தளத்திலிருந்தே இறங்கும் மால்வேர்: போலி ‘அப்டேட்’, போலி ‘நான் ரோபோ அல்ல’ எப்படி வேலை செய்கின்றன?

வேலூருக்குச் சிகிச்சைக்கு வரும் குடும்பங்கள் ரயில் ஏறும் முன்பே கூகுளில் லாட்ஜ் தேடத் தொடங்கிவிடுகின்றன. பாபுராவ் தெரு, காந்தி ரோடு, தோட்டப்பாளையம் என்று தேடினால் சின்னச் சின்ன விடுதிகளின் இணையதளங்கள் வரிசையாக வரும். அவற்றில் ஒன்றைத் திறந்ததும், ‘உங்கள் குரோம் பழையதாகிவிட்டது, புதுப்பித்தால்தான் பக்கம் தெரியும்’ என்ற அறிவிப்பு பக்கம் முழுவதையும் மூடிக்கொண்டு நிற்கலாம். லாட்ஜ் உண்மையானது, தளமும் அவர்களுடையதுதான். எவனோ வெளியிலிருந்து நுழைத்துவிட்டுப் போன ஒரே ஒரு வரி ஜாவாஸ்கிரிப்ட் (பிரவுசருக்குள் ஓடும் நிரல்) அந்த அறிவிப்பைக் கொண்டுவந்து வைத்திருக்கிறது.

‘தெரிந்த தளத்துக்கு மட்டும் போங்கள்’ என்று பல காலமாகச் சொல்லிவருகிறோம். இந்த வகைத் தாக்குதலில் அந்த அறிவுரை உதவாது, ஏனென்றால் தாக்குபவன் திருடுவதே தெரிந்த தளத்தின் மீது உங்களுக்கு இருக்கும் நம்பிக்கையைத்தான். பக்கம் யாருடையது என்று பார்த்தால் போதாது, அது உங்கள் கையால் என்ன செய்யச் சொல்கிறது என்று பார்க்க வேண்டும்.

அந்த வரி உள்ளே வருவது எப்படி

இந்தத் தளங்களில் பெரும்பாலானவை வேர்ட்பிரஸ் என்ற தளம் கட்டும் மென்பொருளில் கட்டியவை. கட்டிக்கொடுத்தவர் படிப்பை முடித்துவிட்டுத் தனியாக வேலை எடுத்துச் செய்யும் இளைஞராக இருப்பார், அல்லது சத்துவாச்சாரியிலோ காட்பாடியிலோ இரண்டு மூன்று பேர் சேர்ந்து நடத்தும் டிசைன் அலுவலகமாக இருக்கும். கட்டணம் கைமாறியதோடு உறவு முடிந்துவிடும். அதன் பிறகு பிளகின்களை, அதாவது தளத்தில் சேர்த்த துணை நிரல்களை, யாரும் புதுப்பிப்பதில்லை. ஓட்டை உள்ள பழைய பிளகின் ஒன்று கிடந்தால் போதும், இணையம் முழுக்கத் தானாகத் துழாவிக்கொண்டிருக்கும் நிரல்கள் அதைக் கண்டுபிடித்துவிடும். பாலாடா இன்ஜெக்டர் என்று பெயரிடப்பட்ட ஒரு தொடர் தாக்குதல் மட்டுமே 2017-லிருந்து 10 லட்சத்துக்கும் மேற்பட்ட வேர்ட்பிரஸ் தளங்களைத் தொட்டிருக்கும் என்று சுகுரி என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் 2023 ஏப்ரலில் மதிப்பிட்டது. தளம் பெரியதா சிறியதா என்பது அந்த நிரலுக்கு ஒரு பொருட்டே இல்லை.

காசு கொடுக்க வேண்டிய ‘தீம்’ எனப்படும் தள வடிவமைப்பை ‘இலவசமாக’ இறக்கிப் போடுவது இன்னொரு வாசல். அந்த ஜிப் கோப்புக்குள்ளேயே பின்கதவு வைத்துக் கட்டியிருப்பார்கள். மூன்றாவது வாசல்தான் அதிகம் கவனிக்கப்படாதது: தளத்தைக் கட்டிய டிசைனரின் கம்ப்யூட்டரே ஏற்கெனவே மால்வேர் (தீங்கு செய்யும் நிரல்) பிடித்ததாக இருப்பது. அவருடைய பிரவுசரில் சேமித்த அட்மின் பாஸ்வேர்டுகள் மொத்தமாகப் போயிருக்கும், அவர் கட்டிய பத்துத் தளங்களும் ஒரே நாளில் திறந்துகொள்ளும். அந்தத் தளங்களுக்கு வருகிறவர்களிடமிருந்து திருடும் பாஸ்வேர்டுகளில் இன்னும் சில அட்மின் பாஸ்வேர்டுகள் இருக்கும். வட்டம் இப்படித்தான் பெருகுகிறது.

உரிமையாளர் கண்ணுக்கு ஏன் தெரிவதில்லை

‘எனக்கு ஒன்றும் வரவில்லையே, நன்றாகத்தான் இருக்கிறது’ என்று தளத்தின் உரிமையாளர் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. நுழைக்கப்பட்ட ஸ்கிரிப்ட் எடுத்த எடுப்பில் மால்வேரைக் காட்டாது. முதலில் வந்திருப்பவர் யார் என்று பார்க்கும். வேர்ட்பிரஸ்ஸில் லாகின் செய்திருப்பதைக் காட்டும் குக்கி (தளம் பிரவுசரில் விட்டுவைக்கும் சிறு குறிப்பு) இருந்தால் ஒதுங்கிவிடும். விண்டோஸா, ஆண்ட்ராய்டா என்று பார்க்கும். கூகுள் தேடலிலிருந்து வந்தவரா, நேரடியாக முகவரி தட்டி வந்தவரா என்று பார்க்கும். ஒரு ஐபி முகவரிக்கு ஒரு முறைதான் காட்டும். இந்த வடிகட்டலைச் செய்ய தனி சர்வர்களே உண்டு. பேரட் டிடிஎஸ் என்ற ஒன்று 16,500-க்கும் மேற்பட்ட தளங்களில் ஒட்டிக்கொண்டிருந்ததை அவாஸ்ட் நிறுவனம் 2022-ல் வெளிப்படுத்தியது.

அதனால் வாடிக்கையாளர் புகார் சொல்லும்போது உரிமையாளர் திறந்து பார்ப்பார், எதுவும் இருக்காது. வாடிக்கையாளரே மறுபடி திறந்தாலும் இருக்காது. ‘உங்கள் கம்ப்யூட்டரில்தான் கோளாறு’ என்று பேச்சு முடிந்துபோகும். ஸ்கிரிப்ட் மாதக்கணக்கில் அங்கேயே இருக்கும்.

மால்வேர் இருக்கும் சர்வரை முடக்கினால் ஆட்டம் முடியாதா என்று கேட்கலாம். 2023-ல் வெளிச்சத்துக்கு வந்த கிளியர்ஃபேக் கும்பல் அதற்கும் வழி செய்துகொண்டது. அடுத்தகட்ட நிரலை சர்வரில் வைக்காமல் பைனான்ஸ் ஸ்மார்ட் செயின் என்ற பிளாக்செயினில், அதாவது பல கம்ப்யூட்டர்களில் ஒரே சமயம் பதிவாகும் கணக்கேட்டில், ஒப்பந்த நிரலாக எழுதிவைத்தது. அதைப் படிக்கக் கட்டணம் கிடையாது, அழிக்க யாருக்கும் அதிகாரமும் கிடையாது.

பழைய முறை: அப்டேட் கோப்பு

சாக்கோலிஷ் என்றும் ஃபேக் அப்டேட்ஸ் என்றும் அழைக்கப்படும் கும்பலின் முறை இது. போலி அறிவிப்பிலுள்ள பொத்தானை அழுத்தினால் ‘அப்டேட்’ என்ற பெயரில் ஒரு ஜிப் கோப்போ, நேரடியாக டாட் ஜேஎஸ் என்று முடியும் கோப்போ இறங்கும். பிரவுசருக்குள் ஓடும் ஜாவாஸ்கிரிப்டுக்கு உங்கள் கோப்புகளைத் தொடும் உரிமை இல்லை. அதே நிரல் கோப்பாக இறங்கி, நீங்கள் இரட்டைக் கிளிக் செய்துவிட்டால் விண்டோஸ் ஸ்கிரிப்ட் ஹோஸ்ட் என்ற பகுதி அதை எடுத்து ஓட்டும். அப்போது உங்களுக்கு இருக்கும் உரிமை எல்லாம் அதற்கும் உண்டு. சில நேரம் அந்தக் கோப்பு பக்கத்தின் ஸ்கிரிப்டுக்குள்ளேயே பொதிந்துவைக்கப்பட்டிருக்கும். அப்படி இருந்தால் டவுன்லோடு பட்டியலில் அது லாட்ஜின் சொந்தத் தளத்திலிருந்தே வந்ததாகத் தெரியும்.

இதற்கு ஒரு உண்மையைத் தெரிந்துவைத்துக்கொண்டால் போதும். குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் எதுவும் ஒரு இணையப் பக்கத்தின் வழியாகத் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளச் சொல்வதில்லை. குரோமில் வலது மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளி, அதில் ஹெல்ப், அதில் அபவுட் குரோம் என்று போனால் புதுப்பிப்பு இருக்கிறதா என்று அதுவே பார்த்து, அதுவே இறக்கிக்கொள்ளும்.

புதிய முறை: உங்கள் விரலாலேயே ஓட்டவைப்பது

2024-லிருந்து பரவும் கிளிக்ஃபிக்ஸ் முறையை அதிக நேரம் எடுத்துப் புரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் இதில் டவுன்லோடு என்பதே கண்ணில் படாது. ‘நான் ரோபோ அல்ல’ என்ற பழகிய கட்டம் வரும். அதை அழுத்துவீர்கள். ‘சரிபார்ப்பு முடிய மூன்று படிகள்’ என்று சின்னப் பெட்டி விரியும். விண்டோஸ் பொத்தானையும் ஆர் பொத்தானையும் சேர்த்து அழுத்துங்கள், பிறகு கண்ட்ரோலும் வி-யும் அழுத்துங்கள், கடைசியில் எண்டர் தட்டுங்கள். அவ்வளவுதான்.

முதல் கிளிக்கில் நடந்தது என்ன? ஒரு பக்கம் உங்கள் கிளிப்போர்டில் (காப்பி செய்தது தங்கும் இடம்) எதையாவது எழுத வேண்டுமென்றால், நீங்கள் அந்தப் பக்கத்தில் எதையாவது அழுத்தியிருக்க வேண்டும் என்பது பிரவுசரின் விதி. அந்தக் கட்டம் இருப்பதே அதற்குத்தான். அதை அழுத்திய அதே நொடியில் ஒரு நீண்ட கட்டளை நீங்கள் காப்பி செய்ததுபோல் கிளிப்போர்டில் ஏறிவிடும். விண்டோஸும் ஆர்-ம் அழுத்தினால் திறப்பது ரன் பெட்டி. கண்ட்ரோல் வி அந்தக் கட்டளையை ஒட்டும். எண்டர் அதை ஓட்டும்.

ரன் பெட்டி மிகக் குறுகலானது. கட்டளை நீளமாக இருந்தால் கடைசிப் பகுதி மட்டும்தான் கண்ணில் படும். அதனால் கட்டளையின் வாலில் ‘நான் ரோபோ அல்ல, ரீகேப்ட்சா சரிபார்ப்பு எண் இத்தனை’ என்று ஆங்கிலத்தில் ஒரு வெற்றுக் குறிப்பைச் சேர்த்து, பச்சை நிற டிக் அடையாளமும் போட்டிருப்பார்கள். பார்ப்பவருக்கு ஏதோ சரிபார்ப்பு எண்ணை ஒட்டியதாகத் தோன்றும். அங்கேயே ஹோம் பொத்தானை அழுத்தினால் கட்டளையின் தலை தெரியும்: பவர்ஷெல் என்றோ எம்எஸ்எச்டிஏ என்றோ தொடங்கி, அறியாத ஒரு முகவரிக்குப் போகும். இரண்டுமே விண்டோஸோடு வரும் மைக்ரோசாஃப்டின் சொந்தக் கருவிகள். எனவே ‘அறியாத மென்பொருள்’ என்று எச்சரிக்கை வர இடமில்லை.

பிரவுசர் வழியாக இறங்கும் கோப்புகள் மீது ‘இது இணையத்திலிருந்து வந்தது’ என்று விண்டோஸ் ஒரு முத்திரை வைக்கும். ஸ்மார்ட்ஸ்கிரீன் எச்சரிக்கை எழுவது அந்த முத்திரையைப் பார்த்துத்தான். இங்கே பிரவுசர் எதையும் இறக்கவில்லை, பவர்ஷெல் இறக்கியது. அப்படி வருவதில் அந்த முத்திரை பெரும்பாலும் இருப்பதில்லை. ஆன்டிவைரஸ் பார்வையில் கம்ப்யூட்டரின் சொந்தக்காரர் தானே ஒரு கட்டளை கொடுத்திருக்கிறார். பல முறை அது தடுக்கும், சில முறை தவறவிடும். தவறவிட்ட ஒரு முறையே போதுமானது.

2025-ல் இதே தந்திரம் ஃபைல் எக்ஸ்புளோரரின் முகவரிப் பட்டைக்கும் நகர்ந்தது. ஆப்பிள் மேக் வைத்திருப்பவர்களிடம் டெர்மினலைத் திறந்து ஒட்டச் சொல்கிறார்கள். சாளரம் மாறினாலும் வாய்பாடு ஒன்றுதான்: ஒரு பக்கம் உங்களைப் பிரவுசருக்கு வெளியே அனுப்பி எதையாவது ஒட்டச் சொல்கிறது. எந்த உண்மையான கேப்ட்சாவும் அதைக் கேட்காது. சந்தேகமாக இருந்தால் நோட்பேடைத் திறந்து அங்கே ஒட்டிப் பாருங்கள். நோட்பேட் எதையும் ஓட்டாது, என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் காட்டும்.

இந்த ஊரில் எது போகும்

இப்படி நுழைபவற்றில் அதிகம் புழங்குவது தகவல் திருடும் மால்வேர்கள். லும்மா என்ற ஒன்று மட்டும் 2025 மார்ச் 16-லிருந்து மே 16-க்குள் உலகெங்கும் 3,94,000-க்கும் மேற்பட்ட விண்டோஸ் கம்ப்யூட்டர்களைப் பிடித்திருந்ததை மைக்ரோசாஃப்ட் கண்டறிந்தது. நீதிமன்ற உத்தரவோடு அதன் சுமார் 2,300 முகவரிகள் முடக்கப்பட்டன. அட்மின் உரிமை அதற்குத் தேவையில்லை. சாதாரண யூசர் கணக்கிலேயே, சில நிமிடங்களுக்குள், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் குக்கிகளையும் அள்ளிக்கொண்டு போய்விடும்.

குக்கி போனால் ஓடிபி காப்பாற்றாது. நீங்கள் ஏற்கெனவே லாகின் செய்து ஓடிபி-யும் கொடுத்தாகிவிட்டது என்பதற்கான சீட்டுதான் அந்தக் குக்கி. அதை வேறொரு கம்ப்யூட்டரில் வைத்தால் உங்கள் ஜிமெயில் மறுபடி எதையும் கேட்காமல் திறக்க வாய்ப்பு அதிகம்.

லாட்ஜ் கவுண்டரில் இருக்கும் கம்ப்யூட்டரை நினைத்துப் பாருங்கள். பங்களாதேஷிலிருந்து நோயாளியோடு வருபவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவருடைய விவரத்தை (ஃபார்ம் சி என்று பழகிய படிவம்) அரசிடம் பதிய வேண்டும். அதற்காக எடுத்த பாஸ்போர்ட், விசா நகல்கள் ஆண்டுக்கணக்கில் டெஸ்க்டாப்பில் கிடக்கும். நோய்க்காக ஊர்விட்டு ஊர் வந்தவர்களுடைய அடையாளம் அது, நம்மை நம்பிக் கொடுத்தது. பதிவு முடிந்த நகல்களில் சட்டப்படி வைத்திருக்க வேண்டியதை மட்டும் ஒரு பென் டிரைவுக்கு மாற்றிப் பூட்டிவையுங்கள், மற்றவற்றை அழித்துவிடுங்கள்.

ஆடிட்டர் அலுவலகத்தில் ஒரே பிரவுசரில் ஐம்பது வாடிக்கையாளரின் ஜிஎஸ்டி, வருமானவரி பாஸ்வேர்டு சேமித்திருக்கும். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் காலையில் செருகினால் இரவுவரை அப்படியே இருக்கும். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி தோல் ஏற்றுமதியாளர்களுக்கு ஆபத்து வேறு வடிவத்தில் வரும். மெயிலுக்குள் புகுந்தவன் வாரக்கணக்கில் கடிதப் போக்குவரத்தைப் படித்துக்கொண்டிருந்து, இன்வாய்ஸ் போகும் நாளில் வங்கிக் கணக்கு எண்ணை மாற்றி வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு அனுப்புவான். கணக்கு எண் மாற்றம் என்று எந்த மெயில் வந்தாலும் போனில் பேசி உறுதிசெய்யாமல் பணம் அனுப்ப வேண்டாம் என்று இன்றே வாடிக்கையாளர்களுக்குச் சொல்லிவைப்பது நல்லது.

கம்ப்யூட்டரில் இன்றே செய்யக்கூடியவை

முதலில் டாட் ஜேஎஸ் கோப்பின் பல்லைப் பிடுங்குவோம். விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், ஆப்ஸ், டிஃபால்ட் ஆப்ஸ் என்று போய், மேலே உள்ள பெட்டியில் டாட் ஜேஎஸ் என்று தட்டி, அதைத் திறக்கும் மென்பொருளாக நோட்பேடைத் தேர்ந்தெடுங்கள். ஜேஎஸ்இ, விபிஎஸ், டபிள்யூஎஸ்எஃப், எச்டிஏ ஆகியவற்றுக்கும் இதையே செய்யுங்கள். இனி தவறிப்போய் இரட்டைக் கிளிக் செய்தாலும் எழுத்துகள்தான் திறக்கும். இணையதளங்கள் இதனால் கெடாது, பிரவுசர் தன் ஜாவாஸ்கிரிப்டைத் தானே ஓட்டிக்கொள்கிறது. ஃபைல் எக்ஸ்புளோரரில் வியூ, ஷோ, ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதையும் போட்டுவிடுங்கள். அது மறைந்திருக்கும்வரை ‘பில் டாட் பிடிஎஃப் டாட் ஜேஎஸ்’ என்ற கோப்பு வெறும் பிடிஎஃப் போலவே தெரியும்.

பிரவுசிங் சென்டரிலும் ஜெராக்ஸ் கடையிலும் வாடிக்கையாளர் உட்காரும் கம்ப்யூட்டருக்கு ரன் பெட்டி தேவையே இல்லை. விண்டோஸ் ப்ரோ என்றால் குரூப் பாலிசி எடிட்டரில் யூசர் கான்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், ஸ்டார்ட் மெனு அண்ட் டாஸ்க்பார் வரிசையில் ‘ரிமூவ் ரன் மெனு’ என்பதை எனேபிள் செய்தால், விண்டோஸும் ஆர்-ம் அழுத்துவது வேலை செய்யாது. கிளிக்ஃபிக்ஸின் மிகப் பரவலான வடிவம் இந்த ஒரே மாற்றத்தில் முறிந்துவிடும். வாடிக்கையாளருக்குக் குரோமின் கெஸ்ட் சாளரத்தையே திறந்து கொடுங்கள். மூடியதும் குக்கியும் பாஸ்வேர்டும் அதோடு போய்விடும். கடைக்காரர் தன் சொந்த வங்கி வேலையையும் டிக்கெட் ஏஜென்ட் லாகினையும் அந்தக் கம்ப்யூட்டரில் ஒருபோதும் வைக்க வேண்டாம்.

நெட்வொர்க் அமைப்பில் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை) முகவரியை 9.9.9.9 அல்லது 1.1.1.2 என்று மாற்றினால், தெரிந்த மால்வேர் முகவரிகள் பல அங்கேயே தடுக்கப்படும். நேற்றுப் பதிவான புது முகவரியை இது தடுக்கும் என்று நம்ப வேண்டாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. இன்னும் அதையே ஓட்டும் கடைகள் நீட்டிப்புத் திட்டத்தில் சேர வேண்டும், இல்லையென்றால் மாற வேண்டும்.

ஏற்கெனவே எண்டர் தட்டிவிட்டால்

வைஃபையை அணையுங்கள், லேன் வயரைப் பிடுங்குங்கள், கையெழுத்து டோக்கனை எடுத்துவிடுங்கள். பாஸ்வேர்டை அதே கம்ப்யூட்டரில் மாற்றுவதுதான் பலர் செய்யும் தவறு. புது பாஸ்வேர்டும் அப்படியே திருடனிடம் போகும். வேறு போனிலோ வேறு கம்ப்யூட்டரிலோ செய்யுங்கள். முதலில் மெயில், ஏனென்றால் மற்ற எல்லாக் கணக்குகளின் ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டது’ கடிதமும் அங்கேதான் வரும். மாற்றியதோடு நிற்காமல் ‘எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு’ என்பதையும் அழுத்துங்கள். திருடப்பட்ட குக்கி செத்துப்போக அதுதான் வழி. அடுத்து வங்கி, பிறகு வாட்ஸ்ஆப்பில் இணைத்த சாதனங்கள், பிறகு ஜிஎஸ்டி முதலானவை.

பணம் போயிருந்தால் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு உடனே அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் நிறுத்திவைக்க முடிகிறதா என்பது நிமிடங்களைப் பொறுத்தது. எந்தத் தளத்தில் நடந்தது, எத்தனை மணிக்கு என்று தாளில் எழுதிவையுங்கள். என்ன ஓடியது என்று தெரிய ரன் பெட்டியைத் திறந்து ஓரத்திலுள்ள அம்புக்குறியை அழுத்தினால் முந்தைய கட்டளைகள் வரும். போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், எண்டர் மட்டும் தட்ட வேண்டாம்.

ஆன்டிவைரஸ் ஓட்டி ‘சுத்தம்’ என்று வந்தாலும் அந்தக் கம்ப்யூட்டரை நம்பாதீர்கள். டாலி டேட்டா ஃபோல்டர், பிடிஎஃப், படங்கள் ஆகியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, வேறொரு கம்ப்யூட்டரில் தயாரித்த பென் டிரைவ் மூலம் விண்டோஸை முழுதாக மறுபடி நிறுவுங்கள். பழைய செட்டப் கோப்புகள் எதையும் திரும்பக் கொண்டுவர வேண்டாம்.

போனில் ஸ்கிரிப்ட் வேறு வழி பிடிக்கும்: ஏபிகே கோப்பை (ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் கோப்பு) இறக்கச் சொல்லும், அல்லது ‘அலோ அழுத்தினால்தான் ரோபோ இல்லை என்று தெரியும்’ என்று நோட்டிஃபிகேஷன் அனுமதி கேட்கும். பிளே ஸ்டோருக்கு வெளியே வரும் எதையும் நிறுவாமலிருந்தால் முதலாவது முடிந்தது. இரண்டாவதை குரோமின் சைட் செட்டிங்ஸில் போய் நீக்கிவிடலாம்.

தளம் வைத்திருப்பவருக்கு

வாடிக்கையாளர் ஒருவர் சொன்னாலே நம்பிச் சோதியுங்கள். உங்கள் தளத்தில் ஒருபோதும் லாகின் செய்யாத ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டர், மொபைல் ஹாட்ஸ்பாட் இணைப்பு, இன்காக்னிட்டோ சாளரம், கூகுளில் தேடி அங்கிருந்து கிளிக். இந்த நான்கும் சேர்ந்தால்தான் ஸ்கிரிப்ட் உங்களைப் புது வருகையாளர் என்று எண்ணும். பிறகு கண்ட்ரோல் யு அழுத்திப் பக்கத்தின் மூலத்தில் அறியாத முகவரியிலிருந்து வரும் ஸ்கிரிப்ட் உண்டா என்று தேடுங்கள். கூகுள் சர்ச் கன்சோலில் செக்யூரிட்டி இஷ்யூஸ் பக்கத்தையும் பாருங்கள்.

சுத்தம் செய்யும்போது தீமின் ஹெடர், ஃபங்ஷன்ஸ் கோப்புகளோடு பலர் நின்றுவிடுகிறார்கள். எம்யூ-பிளகின்ஸ் என்ற ஃபோல்டரையும் திறந்து பாருங்கள். அதில் இருப்பது தானாகவே ஓடும், வழக்கமான பிளகின் பட்டியலில் நிறுத்தவும் முடியாது. யூசர் பட்டியலில் அறியாத அட்மின் இருக்கிறாரா, டேட்டாபேஸின் ஆப்ஷன்ஸ் அட்டவணையில் ஸ்கிரிப்ட் உண்டா என்றும் பார்க்க வேண்டும். ஒரே ஹோஸ்டிங் கணக்கில் ஐந்து தளம் இருந்தால் ஐந்தையும் ஒன்றாகச் சுத்தம் செய்யுங்கள். ஒன்றை விட்டாலும் அங்கிருந்து மற்றவை மறுபடி தொற்றும். கடைசியில் டபிள்யூபி-கான்ஃபிக் கோப்பிலுள்ள சால்ட் சாவிகளை மாற்றினால் பழைய லாகின் குக்கிகள் எல்லாம் செல்லாமல்போகும். அட்மின், ஹோஸ்டிங், டேட்டாபேஸ் பாஸ்வேர்டுகளைச் சுத்தமான கம்ப்யூட்டரிலிருந்து மாற்றுங்கள். டிசைனருடைய கம்ப்யூட்டர் சுத்தமா என்று அவரிடம் நேராகவே கேளுங்கள்.

தளத்தில் தீய நிரல் நுழைக்கப்பட்டதைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரல் 28 உத்தரவு நிறுவனங்களுக்குச் சொல்கிறது. அதோடு, மாற்றப்பட்ட கோப்புகளின் தேதியை வைத்து எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை ஸ்கிரிப்ட் இருந்தது என்று கணக்கிட்டு, அந்த நாட்களில் தளத்துக்கு வந்து அப்டேட் இறக்கியவர்களும் கட்டளை ஒட்டியவர்களும் என்ன செய்ய வேண்டும் என்று முகப்பிலேயே அறிவிப்பு வையுங்கள். வேலூர் லாட்ஜ் தளமாக இருந்தால் தமிழோடு வங்காளத்திலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் வையுங்கள், ஏனென்றால் அங்கே வந்து பார்த்தவர்களில் பலர் கொல்கத்தாவிலோ குவாஹாட்டியிலோ டாக்காவிலோ இருப்பார்கள்.